மஞ்சள் மாத்திரையும் திறந்த அணுக்க ஆய்வுகளும்

ஈரோட்டுப் பகுதியில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம், ஆய்வுக் கட்டுரையைக் கைபேசியில் திறந்து காட்டி ஆலோசனை கேட்கும் நோயாளிகள் பெருகி வருகிறார்கள். அண்மையில் மஞ்சள் விவசாயி ஒருவர், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்லும் கட்டுரையைக் காட்டி, "ஏனுங்க டாக்டர், நம்ம காட்டுல வெளையறதுதானுங்களே, இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டுச் சக்கர மாத்திரைய நிறுத்திப்போடலாமுங்களா?" என்று கேட்டார். கட்டுரை போலியானதன்று. ஆனால் செய்முறைப் பகுதி வரை நகர்த்திப் பார்த்தால், சோதிக்கப்பட்டவை எலிகள்.

2000இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் போன்ற இலவச இணையக் கட்டுரைக் களஞ்சியங்களும், ஆய்வுகள் எல்லோருக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிவிப்புக்குப் பின் வளர்ந்த திறந்த அணுக்க இதழ்களும், பணம் கட்டியவர்களுக்கே கிடைத்துவந்த ஆய்வுகளை யாரும் முழுமையாகப் படிக்கும்படி செய்திருக்கின்றன. இதை நான் மனமார வரவேற்கிறேன். முழுக் கட்டுரையும் கையில் இருந்ததால்தான் அந்த எலிகளை அவருக்கு அங்கேயே காட்ட முடிந்தது. ஆனால் இலவசமாகக் கிடைப்பது தரத்துக்குச் சான்றாகாது. எழுதியவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, சக ஆய்வாளர் மதிப்பீடே இல்லாமல் வெளியிடும் இதழ்களும் திறந்தேதான் கிடக்கின்றன.

குர்குமினைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. அவற்றை அலசிய 2017ஆம் ஆண்டின் மருந்து வேதியியல் மதிப்பாய்வு ஒன்று, அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளில், யாருக்கு எது தரப்படுகிறது என்பதை சோதிப்பவர், சோதிக்கப்படுபவர் இருதரப்புக்கும் மறைத்துப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட எதுவும் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. குர்குமின் ஒளி பட்டால் தானும் ஒளிரக்கூடியது, பல புரதங்களோடு ஒட்டக்கூடியது என்பதால், ஆய்வகச் சோதனையில் மருந்தாக வேலை செய்வதுபோன்ற பொய்க்குறியைக் காட்டிவிடும். இத்துறையில் வெளிவந்த கட்டுரைகள் பல பின்னர் திரும்பப் பெறவும்பட்டன; ஆனால் பழைய பிரதியை வாட்ஸ்அப்பில் பெறுபவருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்வதில்லை. ஆகவே, கட்டுரையின் பெயரை இதழின் சொந்தத் தளத்தில் தேடி, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே இருக்கும். அதிலும் உடலில் சேர்வது மிகக் குறைவு. மாத்திரைகளிலோ குர்குமினைச் செறிவாக்கி, உட்கிரகிப்பைக் கூட்ட மிளகின் பைப்பெரினையும் சேர்க்கிறார்கள். மனிதரில் இச்சேர்க்கை உட்கிரகிப்பை 20 மடங்கு உயர்த்துவதை 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் வலையமைப்பு, மஞ்சள் மாத்திரை போன்ற துணையுணவுகளால் நேர்ந்த 10 பாதிப்புகளை 2022இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் இவர்கள் எலிகள் அல்லர்.

இத்தகைய மாத்திரை எடுப்பவர்கள் சிறுநீர் கருமஞ்சளானாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாத அசதியும் குமட்டலும் தொடர்ந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு, அதன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் சென்று கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.