ரீமாஸ்டர் என்றால் மறுஉருவாக்கமா?

பழைய ஜப்பானிய அனிமே (வரைகலைப் படம்) தொடர் எதாவது ஆங்கிலத்தில் ப்ளூ-ரே வட்டாக வந்தால் போதும், 'மறுஉருவாக்கம் செய்யப்பட்ட தொடர்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். வட்டின் உறையில் இருப்பதோ ரீமாஸ்டர்.

லத்தீனில் மகிஸ்தர் என்றால் ஆசான், தலைவன். அதுவே ஆங்கிலத்தில் மாஸ்டர். ஒலிப்பதிவிலும் படத்தொழிலிலும், மற்றப் படிகளை எந்தப் படியிலிருந்து எடுக்கிறோமோ அது மாஸ்டர். பழைய படச்சுருளை மறுபடி ஸ்கேன் செய்து, நிறமும் ஒலியும் சரிசெய்து, புதிதாக ஒரு மாஸ்டர் எடுத்தால் ரீமாஸ்டர். அவ்வளவுதான்.

மறுஉருவாக்கம் என்பது ரீமேக். படத்தையே திரும்ப எடுப்பது. செய்லர் மூனை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் ஜப்பானில் தொடங்கிய தொடர். 1995இல் ஆங்கிலத்துக்குப் போனபோது காட்சிகளை வெட்டினார்கள், நாயகி உசாகியைச் செரீனா ஆக்கினார்கள். 2014இல் விஸ் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் அதே பழைய தொடரை வெட்டில்லாமல், புதிய ஆங்கிலக் குரல்களோடு வட்டில் வெளியிடத் தொடங்கியது. அதே 2014இல், அதே கதையை அடியிலிருந்து புதிதாக வரைந்து செய்லர் மூன் கிரிஸ்டலும் வந்தது. இப்போது சொல்லுங்கள், இதில் எது மறுஉருவாக்கம்? முதலாவதற்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இரண்டாவதை என்னவென்று அழைப்பது? மொழிபெயர்ப்பவர் படத்தைப் பார்க்க வேண்டாம், அறிவிப்பையாவது முழுதாகப் படிக்கலாமே.

ரீமாஸ்டருக்குச் சிலர் எழுதும் 'மெருகேற்றப்பட்ட' என்பது இன்னொரு தொல்லை. ரீமாஸ்டர் ஒரு வேலையின் பெயர், பாராட்டுப் பத்திரம் அல்ல. 2007இல் ஃபனிமேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஆரஞ்சு நிறப் பெட்டிகளில் கொண்டுவந்த டிராகன் பால் இசட் அனிமே தொடரும் ரீமாஸ்டர்தான். அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருந்த படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினார்கள். கணக்குப்படி, 4:3ஐ 16:9 ஆக்கினால் உயரத்தில் கால்வாசி போகும். சிலிர்த்து நிற்கும் தலைமுடிக்கே பேர்போன தொடரில், அந்த முடியிலேயே கத்தரி! படச்சுருளின் மணல்மணலான தோற்றத்தைத் துடைக்கப்போய் மெல்லிய கோடுகளும் மங்கின. இதை மெருகு என்று எப்படி எழுதுவது?

மாஸ்டருக்கு என் தேர்வு 'தாய்ப்படி'. வீடு, நிலம் வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம் என்று சொல்வதில்லையா, அதே தாய்தான். மாஸ்டர் தாய்ப்படி என்றால், ரீமாஸ்டர் செய்வது தாய்ப்படியைப் புதுக்குவது. 'புதுக்கிய தாய்ப்படியிலிருந்து எடுத்த வட்டு' என்றால் நீளம்தான், ஆனால் என்ன நடந்தது என்று புரிகிறது. கீறல், அழுக்கு, கிழிசலை நீக்கும் வேலை வேறு, அதற்குச் சீரமைப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும் என்பதால் ஒன்றாகிவிடாது.

தாய்ப்படி பிடிக்கவில்லையா, சரி, ரீமாஸ்டர் என்றே எழுதுங்கள். தனித்தமிழ் ஆர்வலர்கள் என்னைத் திட்டட்டும். தவறான தமிழ்ச் சொல்லுக்குச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.