பழைய டேங்கை வெட்டும் முன்: மலைப்பாதை பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்வோர் கவனத்திற்கு

லடாக், ஸ்பிட்டி என்று புறப்படும் இளைஞர்கள் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுவரும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: இருக்கிற டேங்கை வெட்டித் தகடு சேர்த்து, இன்னும் ஏழெட்டு லிட்டர் பிடிக்கும்படி அகலப்படுத்தித் தர வேண்டும். ஆர்கான் வெல்டிங்கைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் முதலில் எடுப்பது டார்ச்சை அல்ல, பேனாவை. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தண்டி என்னும் ஊரில் உள்ள பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதியிருந்த பலகை பைக் பயணிகளுக்கு நன்கு தெரிந்தது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் டேங்க் 15 லிட்டர் பிடிக்கும். ஏற்றத்தையும் சுமையையும் கருதி லிட்டருக்கு 28 கி.மீ. என்று குறைத்து வைத்தாலும் 420 கி.மீ. வருகிறது. அதற்கு மேலும் பயம் இருந்தால், பெட்ரோலுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். உண்மையான தேவை இருப்பவர்கள், பழைய கார்புரேட்டர் பைக்கைக் காட்டுப்பாதைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுபவர்களும், அசல் டேங்க் துருப்பிடித்துப் போய் மாற்று கிடைக்காதவர்களும்தான். இதை எழுதுவது அவர்களுக்காகவே.

முதலில் உயிர் போகும் விஷயம். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு தீப்பொறியில் அது வெடிக்கும். 15 லிட்டர் டேங்குக்குள் அந்தக் கலவை உண்டாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் ஆவியானாலே போதும். அந்த அளவு பெட்ரோல், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து ஒட்டியிருக்கும் விளிம்பிலும், அடியில் படிந்த பிசினிலும், எத்தனை முறை கவிழ்த்து வடித்தாலும் தங்கியிருக்கும். வெயிலில் இரண்டு நாள் மூடியைத் திறந்து வைத்தேன், மோந்து பார்த்தால் வாசனையே இல்லை என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். மூக்கு இதற்குச் சாட்சியாகாது. குளிர்ந்த தகட்டில் ஒளிந்திருக்கும் பெட்ரோல், வெல்டிங் சூடு பட்ட பிறகுதான் ஆவியாகி வெளியே வரும். கிரைண்டர் பொறிக்கும் இதே கதைதான். ஆகவே வெட்டுவதை மட்டும் வீட்டில் முடித்துக்கொண்டு வருகிறேன் என்பது இன்னும் மோசமான யோசனை. சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டால் போதும் என்று நம்புவோரும் உண்டு. அந்தப் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பது யாருக்கும் தெரியாத நிலையில், அதை நம்பி டார்ச்சைப் பற்றவைக்க நான் தயாரில்லை.

பெட்ரோல் பார்த்த டேங்கில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், மூடி, பெட்ரோல் காக், மிதவை எல்லாவற்றையும் கழற்றி, சோப்புக் கலந்த கொதிநீரால் பலமுறை கழுவி, வெல்டு விழும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மிஞ்சிய வெற்றிடத்தைத் தீப்பற்றாத வாயுவான ஆர்கானால் நிறைத்து, வேலை முடியும்வரை அந்த வாயு ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்ய வேண்டும். இதற்கான வசதி இல்லாத பட்டறையில், பழகியவர் என்பதற்காக யாரையும் வற்புறுத்தாதீர்கள். புதுத் தகட்டிலிருந்து புது டேங்க் செய்வதுதான் செலவிலும் மன நிம்மதியிலும் மேல்.

தகட்டைப் பொறுத்தவரை 5052 ரக அலுமினியம், 2 மி.மீ. கனத்தில், என் முதல் தேர்வு. மடிந்து கொடுக்கும், வெல்டும் நன்றாகப் பிடிக்கும். இரும்புத் தகடும் தவறில்லை. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் உட்புறம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு கூடவே கூடாது: வெல்டிங்கில் அதன் புகை நஞ்சு, பூச்சும் பெட்ரோலில் கரைந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட் என்னும் சிறு துளையை அடைக்கும். சாதாரண பாலியெஸ்டர் பிசினில் வார்த்த ஃபைபர் டேங்குகளை எத்தனால் இளக்கிவிடும் என்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோல் விற்கும் இன்றைய நிலையில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கையால் செய்த டேங்குகளில் விரிசல் விழும் இடம் பெரும்பாலும் வெல்டின் நடுப்பகுதியாக இருப்பதில்லை. டேங்கைச் சட்டத்தோடு பிணைக்கும் காது வெல்டு செய்யப்பட்ட ஓரமாகவே இருக்கிறது. 15 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 11 கிலோ எடை. கற்பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் அது பல மடங்காகி அந்தக் காதை இழுக்கிறது. காதை நேராக டேங்கின் தகட்டில் ஒட்டாமல், மூலைகளை உருட்டிய அகலமான ஒரு தகட்டுத் துண்டை முதலில் ஒட்டி, அதன்மேல் காதை வைத்தால் இழுவை பரவிவிடும். போல்ட்டை இறுக்கி முடுக்காமல் ரப்பர் புஷ் வழியாகவே பொருத்த வேண்டும். பெரிய தட்டையான பக்கங்கள் குலுங்கும்போது உள்ளும் புறமும் வாங்குவதால், அவற்றில் ஒரு மடிப்போ வளைவோ கொடுப்பது அழகுக்காக அல்ல. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்த பிறகே அளவெடுங்கள்.

மூடியில் காற்று புகும் வழியை மறந்தால், சில கிலோமீட்டர் ஓடியதும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போய் மறுபடி கிளம்பும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போட்டவர்கள் பலர். அதே துளை, வண்டி கவிழ்ந்தால் சூடான சைலன்சரின் மேல் பெட்ரோலை ஊற்றும். ஆகவே ஒருவழி வால்வு வைத்த குழாயாக அதைச் சூடில்லாத பக்கம் இறக்கிவிட வேண்டும். டேங்கைக் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. 15 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரி சூடேறினால் சுமார் 350 மில்லி விரியும்.

கசிவுச் சோதனையில்தான் அவசரம் ஆளைக் காயப்படுத்துகிறது. கம்ப்ரெஸரின் குழாயை நேராக டேங்கில் சொருகாதீர்கள். 40 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பக்கத்தில், சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் என்பது ஏழு டன் விசை. அதற்குப் பதிலாக டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மூடியின் வாயில் பொருத்தி, இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி அதிலும் தண்ணீர் ஊற்றுங்கள். தேவையான அழுத்தம் அதிலேயே வந்துவிடும். பேனாவால் மட்டத்தைக் குறித்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். வெடித்தாலும் தரைதான் நனையும். பைக்கில் மாட்டி மண்பாதையில் ஓட்டிய பிறகு, வெல்டு ஓரங்களில் சாக்பீஸ் தேய்த்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் ஈரக்கோடாகத் தெரியும். வழியில் கசிந்தால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய வைத்தியம், அடுத்த ஊர்வரை தாங்கும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிகான் பேஸ்ட் அதுவரைகூடத் தாங்காது.

எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) பைக்குகளுக்கு, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் பைக்குகளுக்கு, நான் டேங்க் செய்து தருவதில்லை. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அது பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடு தணியும். அது அமரும் வளையம் துளியும் கோணாமல் தட்டையாக இருக்க வேண்டும், வெல்டிங் சூட்டிலோ கோணாமல் இருப்பது அரிது. இத்தகைய பைக்குகளுக்கு, அந்த மாடலுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் டேங்க் கிடைத்தால் வாங்குவதே சரி.

சாலையில் ஓடும் வண்டியானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியது. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் பார்ப்பது இத்தகைய மாற்றங்களைத்தான் என்பதால், தகடு வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.