ஆயிரம் துண்டு, நாலு ஜோடிக் கண்

ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்றைத் தரையில் கொட்டியதும் ஒரு மலைப்பு வரும். அந்த மலைப்புக்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. ஆயிரத்தில் ஏதோ இரண்டை எடுத்துச் சேர்த்துப் பார்க்க 4,99,500 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கம் என்பதால், எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனால் இது 16 மடங்காகி 80 லட்சத்தை நெருங்கிவிடும். நீளத்தில் 40, அகலத்தில் 25 என்று வெட்டிய புதிரில் உண்மையாகப் பொருந்தும் இணைப்புகளோ 1,935தான். மிச்சத்தையெல்லாம் தொடாமலே ஒதுக்கத் தெரிந்தால்தான் புதிர் முடியும். குடும்பமாக உட்காரும்போது இந்த ஒதுக்கும் வேலைதான் சுலபமாகிறது.

பெரும்பாலானவர்கள் முதலில் பொறுக்குவது ஓரத்துண்டுகளை. நான்கு மூலைகளையும் சேர்த்து இதில் 126 ஓரத்துண்டுகள். நேராக வெட்டிய பக்கம் எவ்வளவு பெரிய குவியலிலும் சட்டென்று தெரியும். பார்வைத் தேடலைப் பற்றி உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். தேடும் பொருளுக்கு ஒரே ஒரு அடையாளம் போதுமென்றால் அது தானாகக் கண்ணில் படும். இரண்டு அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ‘சிவப்பாகவும் இருக்கணும், இரண்டு பக்கம் குழியும் இருக்கணும்’ என்று தேடும்போது நேரம் இழுப்பது இதனால்தான்.

எனவே நிறவாரியாகப் பிரித்துத் தட்டுகளில் போடுவது நேர விரயமே இல்லை. ஆயிரத்தை நூறு நூறாகப் பத்துத் தட்டில் பிரித்தால், தட்டுக்குள் பார்க்க வேண்டிய ஜோடிகள் மொத்தம் 49,500. கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு! அப்புறம் ஒரு தட்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா கூரையைப் போடலாம், தம்பி படகைப் போடலாம், பாட்டி பூக்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையைப் பிரித்துக்கொள்வதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தனியாகப் போடுபவர் ஒரு துண்டைக் கையில் எடுத்தால், தன் மனதில் இருக்கும் இரண்டு மூன்று காலி இடங்களோடுதான் அதை ஒப்பிடுகிறார். பொருந்தாவிட்டால் அது குவியலுக்கே திரும்பிவிடும். நாலு பேர் இருந்தால் அதே துண்டு நாலு பேரின் தேவையோடும் ஒப்பிடப்படுகிறது. “மஞ்சள் கோடு போட்டது யாருக்கு வேணும்?” “இங்க தா, அது படகோட துடுப்பு.” துடுப்பைத் தேடாதவர் கண்ணில்தான் துடுப்பு பட்டது. ஒருவர் பார்த்து ஒதுக்கியது இன்னொருவருக்கு உதவுவதால் அந்தப் பார்வை வீணாவதில்லை. பேசாமல் அவரவர் மூலையில் போட்டுக்கொண்டிருந்தால் இந்த லாபம் கிடைக்காது.

வானம் வரும்போதுதான் எல்லோரும் திணறுவார்கள். எல்லாத் துண்டும் ஒரே நீலம், நிறம் கைவிட்டுவிடும். இனி வடிவம்தான் கதி. வழக்கமான வெட்டில், உள்துண்டின் ஒவ்வொரு பக்கத்திலும் குமிழோ குழியோ இருக்கும். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்துவிட்டால் மொத்தமே ஆறு வகைதான். வகைவாரியாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே திசை பார்க்க வரிசையாக அடுக்கிவிடுங்கள். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் செய்த சோதனையில், இரண்டு உருவங்கள் ஒன்றுதானா என்று சொல்ல ஆகும் நேரம், அவற்றுக்கிடையிலான கோணம் கூடக் கூடச் சீராகக் கூடியது. மனதுக்குள் ஒரு பொருளைச் சுழற்றவும் நேரம் பிடிக்கிறது. கையால் முன்கூட்டியே திருப்பி வைத்துவிட்டால் அந்தச் சுமை குறையும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் படமே தலைகீழ் என்பதையும் மறக்க வேண்டாம். வானம் போடும்போது அவரை இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

வடிவத்தை மட்டும் வைத்துப் போடுவது கணினிக்கே சிரமமாக இருந்த வேலை. 1964இல் ஃப்ரீமன், கார்டர் இருவரும் படமே இல்லாத ஜிக்சாவைக் கணினியால் சேர்த்துக் காட்டியபோது அதில் இருந்தவை ஒன்பது துண்டுகள். எரிக் டெமைனும் அவருடைய அப்பா மார்ட்டின் டெமைனும் 2007இல் ஒரு நிரூபணம் வெளியிட்டார்கள். பொருந்துவதுபோலத் தோன்றி ஏமாற்றும் துண்டுகள் இருக்கக்கூடிய ஜிக்சாக்கள், எல்லா நேரமும் வேகமாகத் தீர்க்கும் வழி இன்றுவரை தெரியாத கணக்குகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை என்கிறது அது.

ஜிக்சா போட்டால் மூளை கூர்மையாகும் என்று விளம்பரங்களில் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஐம்பது வயதைக் கடந்தவர்களைத் தினம் ஒரு மணி நேரமாவது போடச் சொல்லி, 30 நாள் முயற்சியின் முடிவை 2018இல் வெளியிட்டார்கள். குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. பல ஆண்டுகளாகப் போட்டுவந்தவர்களின் கதை வேறாக இருக்கலாம் என்பதற்கு மட்டும் தடயம் கிடைத்தது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழுவினர் 53 குழந்தைகளை இரண்டு வயது முதல் நான்கு வயது வரை வீட்டிலேயே பெற்றோருடன் கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். புதிர் போட்டு விளையாடிய குழந்தைகள் நாலரை வயதில் வடிவங்களை மனதுக்குள் திருப்பி, நகர்த்திப் பார்ப்பதில் முந்தியிருந்தார்கள். அதற்குப் புதிர்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் விளையாட்டை மட்டும் பார்க்கவில்லை, பெற்றோரின் பேச்சையும் கவனித்தார்கள். “திருப்பி வச்சுப் பாரு”, “இந்தப் பக்கம் நேரா இருக்கே, அப்போ இது எங்க வரும்?” என்று நாம் சொல்கிற மாதிரியான பேச்சு.