கட்டிதான் கரைந்துவிட்டதே, டாக்டர்!

போன வாரமும் அதே வாக்கியம். "மூணாவது கீமோவிலேயே கட்டி கரைஞ்சிடுச்சு டாக்டர், அதான் வரல." சொன்னவர் மார்பகப் புற்றுநோயாளி ஒருவரின் கணவர். எட்டு சைக்கிள், அதாவது எட்டுச் சுற்று கீமோ மருந்து, போட வேண்டியதை மூன்றோடு நிறுத்திவிட்டு, பதினோரு மாதம் கழித்து முதுகுவலி என்று வந்திருக்கிறார்கள். ஸ்கேனில் முதுகெலும்பில் மூன்று இடங்களில் நோய். கோபப்படக் கூடாதுதான். பட்டுவிட்டேன்.

கைக்குத் தட்டுப்படாவிட்டால் நோய் இல்லை என்று யார் சொன்னது? கணக்குப் போட்டே பார்ப்போம். 1 செ.மீ. கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒரு சைக்கிள் நூற்றுக்குத் தொண்ணூறு செல்களைக் கொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசியில் 100 கோடி 10 கோடியாகும், அடுத்ததில் 1 கோடி, மூன்றாவதில் 10 லட்சம். அவ்வளவும் சேர்ந்தாலும் 1 மி.மீ.தான், குண்டூசித் தலைக்குக்கூடத் தேறாது. விரலுக்கும் அகப்படாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் 10 லட்சம் பேர் உள்ளே இருக்கிறார்கள். இரண்டு ஊசிக்கு நடுவில் விடும் இடைவெளி உங்கள் ரத்த அணுக்கள் தேறுவதற்காக. அதில் புற்றுச் செல்களும் தேறும். நீங்கள் வராமல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மிஞ்சியவை சாதாரணச் செல்களும் அல்ல. ஒரே கட்டிக்குள் பல ரகம் இருக்கும். 1976-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் இதைப் பரிணாமம் என்றே எழுதினார். சில செல்கள் உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். சில இரண்டாகப் பிரிந்து பெருகாமல் தூங்கும், பிரியும் செல்லைத் தாக்கும் மருந்து அவற்றை என்ன செய்யும்? "உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்கிறார்கள். உடம்பு எதற்கும் பழகவில்லை. பலவீனமானவை செத்து, தாக்குப்பிடித்தவை பெருகியிருக்கின்றன. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லா சைக்கிளையும் ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சிலசமயம் நோய் திரும்பும். அது அவர்கள் தவறல்ல.

அப்புறம், ஏன் முதுகெலும்பு? 1889-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து, விதை எங்கும் போகும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். மார்பகப் புற்றுக்கு எலும்பு நல்ல மண். அங்கே போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், புதிதாக ஓர் எலும்புப் புற்றுநோய் வந்துவிடவில்லை.

எலும்பிலிருந்து பயாப்சி, அதாவது சோதனைக்கு ஊசியால் ஒரு துணுக்கு, எடுக்க வேண்டும் என்றேன். "ஊசி குத்தினா பரவுமே?" பரவியதால்தான் ஐயா குத்துகிறேன்! பரவிய இடத்தில், மருந்தைத் தீர்மானிக்கும் அடையாளங்களான ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2 புரதமும் மாறியிருக்கலாம், பார்க்காமல் எந்த மருந்தைத் தேர்வது? (ஊசி வைக்கக் கூடாத இடங்களும் உண்டு, விரையில் வரும் கட்டி மாதிரி. அது எங்களுக்குத் தெரியும்.)

தேதி தவறினால் உடனே போன் செய்யுங்கள். ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம்தான், சிலருக்குப் பத்து. வேறு பொடியோ லேகியமோ சாப்பிட்டால் மறைக்காதீர்கள். விடாத எலும்பு வலி, மூச்சுத்திணறல், புதிதாக வரும் தலைவலி எதையும் வயசு என்று தள்ளாதீர்கள். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ அன்றைக்கே வாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லுங்கள், டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

கணவர் பில் கட்டப் போனதும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "கரைஞ்சது நிஜம்தான் டாக்டர். ஆனா நான் நிறுத்தினது வாய்ப்புண்ணால. தண்ணிகூட இறங்கல. சொன்னா திட்டுவீங்கன்னு பயம்."

வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்கிறது.