சொல் விளக்கம்: ஃப்ரை – நீந்துகுஞ்சு

"வறுவல் இலவசமாக நீந்தத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு நான்கு முறை உணவளிக்கவும்."

கௌராமி மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளில் இந்த வாக்கியம் இருக்கிறது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் பையன், மீன் வாங்கிய இடத்தில் கொடுத்தார்கள் என்று கொண்டுவந்து காட்டினான். மீன்குஞ்சை வறுவல் ஆக்கிய தமிழை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சிரித்துவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தாளை நம்பிய பையனின் தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃப்ரை என்பது இரண்டு சொல். ஒலி ஒன்று, வேர் வேறு. எண்ணெய்ச் சட்டியில் கிடப்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மீனின் பிள்ளையைக் குறிப்பதை, வித்து என்று பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். மலாயில் பெனே ஈக்கான் என்கிறார்கள், அதுவும் மீன் விதைதான். தமிழ்நாட்டு மீன்வளத் துறையிலும் மீன்விதை என்ற வழக்கு உண்டு. அது பண்ணைக்காரர் கணக்குச் சொல். வீட்டுத் தொட்டிக்கு மீன்குஞ்சு என்பதே போதும். வளர்ந்து விரல் நீளம் வந்தால் விரலி. அருமையான சொல்.

வறுவல் என்று எழுதினால் தவறு பளிச்சென்று தெரியுமே, யார் ஏமாறப்போகிறார்கள் என்று கேட்கலாம். வேறு ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே கௌராமி நம் வாய்க்காலிலும் நெல்வயலிலும் கிடக்கும் மீன். செப்பாட் என்று மலாய்க்காரர்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். செப்பாட் ரொங்கெங் என்பதுதான் கடைகளில் நீலக் கௌராமி என்றும் தங்கக் கௌராமி என்றும் விற்கும் மீன். நிறம் வேறானாலும் இனம் ஒன்று. அதன் அண்ணன் செப்பாட் சியாமை உப்புப் போட்டுக் காயவைத்துச் சந்தையில் விற்கிறார்கள், வாங்கி வறுத்துத்தான் சாப்பிடுகிறோம். ஆகவே இந்த மண்ணில் கௌராமி வறுவல் உண்மையிலேயே தட்டில் இருக்கும் பண்டம். தவறான சொல் ஒரு சரியான பொருளில் போய் உட்கார்ந்துகொண்டால் அதைப் பிடித்து வெளியே தள்ளுவது பெரும்பாடு.

தைப்பிங்கில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு அந்தத் தாளைக் காட்டினேன். என்னைவிட அதிகம் கோபப்பட்டார். கோபத்தோடு ஒரு சொல்லும் படைத்துக் கொடுத்தார்: பொரிமீன். முட்டை பொரிந்து வருவதால் பொரிமீன். குஞ்சு பொரிப்பகம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், பொரிப்பகத்தில் பிறப்பது பொரிமீன் என்பதே முறை என்றார். தமிழ்ப்பற்று உள்ளவர், எழுதினால் பிழை விடாதவர். ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வாரமாகத் தொலைபேசியில் இதே வழக்குத்தான்.

பொரி என்ற வினைக்குத் தமிழில் இரண்டு வீடு. ஒன்றில் முட்டை ஓடு வெடித்துக் குஞ்சு வருகிறது, மற்றதில் எண்ணெய் கொதிக்கிறது. வாக்கியமாகச் சொல்லும்போது குழப்பம் வராது; கோழி பொரித்தது என்றால் அடைக்கோழி, கோழியைப் பொரித்தார்கள் என்றால் கறி. விகுதியும் வேற்றுமையும் கூடவே நின்று காவல் காக்கின்றன. பொரிமீன் என்று வினைத்தொகை ஆக்கிய உடனே அந்தக் காவலர்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள். பொரிந்த மீனா, பொரித்த மீனா? இரண்டும் பொரிமீன்தான். காலம் மறைவது வினைத்தொகையின் இயல்பு, அதில் எனக்குக் குறையில்லை. இங்கே தன்வினையும் பிறவினையும் சேர்ந்து மறைகின்றன, உயிரும் உணவும் ஒன்றாகிவிடுகின்றன. நாசி கண்டார் சோற்றுக் கடையில் தினம் பொரிச்ச மீன் கேட்கும் பினாங்குத் தமிழன் காதில் பொரிமீன் என்ன ஒலி எழுப்பும்? வறுவலை விரட்டப் போய்ப் பொரியலை அழைத்து வந்ததுதான் மிச்சம். பொரிப்பகம் நிலைத்ததற்குக் காரணம் அகம் என்ற ஈறு. சட்டிக்கு அங்கே இடமில்லை. அந்த வாதத்தை மீனுக்கு நீட்ட முடியாது.

அடுத்த வாரம் அவரே மாற்றிக்கொண்டு மீன்பார்ப்பு என்றார். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகச் சொல்லும் ஒன்பதில் பார்ப்பு முதலாவது. குஞ்சு அந்த ஒன்பதில் இல்லை என்பது அவர் வாதம். குறுந்தொகையில் ஆமையின் பிள்ளையும் பார்ப்புத்தான். சொல்லின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சந்தையில் ஒரு பிடி மீன்பார்ப்பு கொடுங்கள் என்றால் பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். வாயில் உயிரோடு இருக்கும் சொல்லைக் கொன்று ஏட்டில் உறங்கும் சொல்லை எழுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. குஞ்சு, கோழியிலிருந்து மீன் வரைக்கும் எல்லா வீட்டிலும் புழங்குகிறது.

அப்படியானால் மீன்குஞ்சு என்று போட்டு முடித்துவிடலாமே? இங்கேதான் பையனின் தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

கௌராமி ஆண், நீர்மட்டத்தில் எச்சில் கலந்த குமிழிகளை ஊதி ஒரு நுரைக்கூடு கட்டும். (குமிழிக்கூடு என்றும் எழுதுகிறார்கள். மலாயில் சாராங் புவே, நுரையின் கூடு. எனக்கு நுரைதான் பிடிக்கிறது. குமிழி நமக்கு நிலையாமைக்கு உவமை, இந்தக் கூடோ நாட்கணக்கில் நிற்கிறது.) பெண்ணை வளைத்து அணைத்து முட்டை இடவைத்து, அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாள், ஒன்றரை நாளில் முட்டை பொரிந்துவிடும். ஆனால் வெளியே வருவது இன்னும் நீந்தத் தெரியாத உயிர். வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு, நுரையில் தலையும் கீழே வாலுமாகத் தொங்கும். விழுந்தால் தகப்பன் பொறுக்கித் திரும்ப ஒட்டும். இன்னும் இரண்டு மூன்று நாள் அந்த மஞ்சள்கருவே அதற்குச் சோறு. அது கரைந்த பிறகுதான் நிமிர்ந்து குறுக்காக நீந்தும், வாய் திறக்கும், இரை தேடும். ஆங்கிலத்தில் ஃப்ரீ ஸ்விம்மிங் ஃப்ரை என்பது அந்தக் கட்டம். தகப்பனைப் பிரித்து எடுக்க வேண்டியதும் அப்போதுதான். தாயை முட்டையிட்ட அன்றே எடுத்திருக்க வேண்டும்.

பையன் என்ன செய்தான்? தாளில் இருந்த "இலவசமாக" அவனுக்குப் புரியவில்லை. யாருக்குப் புரியும்? முட்டை பொரிந்ததைப் பார்த்ததும் குஞ்சு வந்துவிட்டது என்று அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் கரைத்து நாலு வேளை ஊற்றினான். தின்ன வாய் இல்லாத குஞ்சுகளுக்கு மேலே சோறு அழுகியது. தண்ணீர் நாறியது. மூன்றாம் நாள் காலையில் நூற்றுக்கணக்கில் வெள்ளையாக அடியில் கிடந்தன. சார், நான் நேரத்துக்குத் தவறாமல் போட்டேனே என்று வந்து நின்றான். அவனிடம் என்ன குறை சொல்வது?

ஆகவே குஞ்சு என்ற ஒரு சொல் போதாது. தொங்கும்போது ஒன்று, நீந்தும்போது ஒன்று வேண்டும். தொங்குகுஞ்சு, நீந்துகுஞ்சு. இரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. நீந்து என்பதில் பொரிக்கு உள்ள இரட்டைப் பொருள் இல்லை. சொல்லைக் கேட்ட உடனே இரை போடும் வேளை வந்துவிட்டது என்று தெரிகிறது. எல்லாக் கௌராமிக்கும் தொங்குகுஞ்சு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் சதுப்புக் காட்டுச் சாக்லேட் கௌராமி கூடு கட்டாமல் வாயிலேயே அடைகாக்கும். நீந்துகுஞ்சு அதற்கும் பொருந்தும்.

இலவசம் என்பது காசு கொடுக்காமல் கிடைப்பது. மீன் யாருக்குக் காசு கொடுத்தது? ஒரு சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அதைத் திரும்பப் படித்தும் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மருந்துப் பெட்டியிலும் மின்சாதனத்தின் தாளிலும் இதே கதை. இயந்திரம் செய்தது என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். அச்சடித்தது மனிதர். தமிழில் கொடுத்தால் யாரும் படிக்கப் போவதில்லை என்ற எண்ணம் இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும். படித்தான், ஒருவன். அவன் தொட்டி காலியானது.

அந்தத் தாளின் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்தது இது: "தொங்குகுஞ்சுக்கு இரை போடாதே. நீந்துகுஞ்சு ஆன அன்றே நுண்பாசி நிறைந்த பச்சைநீர் ஊற்று, கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஊறிய தொட்டி நீரும் நல்லது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து, அப்போது பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றுயிர்). தொட்டியை மூடியே வை. வெளிக்காற்றை மூச்சு வாங்கும் உறுப்பு சில வாரம் கழித்துத்தான் வளரும், அதுவரை நீருக்கு மேலே உள்ள காற்றும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும்."

நீலக் கௌராமி ஜோடி ஒன்று மறுபடியும் வாங்கியிருக்கிறான். நேற்று நுரை கட்டத் தொடங்கிவிட்டதாம்.