"எல்லாருந்தான் மேடம் சிரிச்சாங்க"

இந்த வரிய கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. இந்தாண்ட கடலூர் சிப்காட், அந்தாண்ட பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுன்னு ட்ரெய்னிங்குக்கோ புகார் விசாரணைக்கோ எங்க போனாலும் தனக்கு கீழ வேலை செய்யறவங்கள கலாய்ச்சிட்டு யாராவது ஒரு மேனேஜர் சேர்ல சாஞ்சுகிட்டு இதையே சொல்றாரு. நான் எச்.ஆர் ஆலோசனை பண்றவ, சில கம்பெனிங்கள்ல பாலியல் துன்புறுத்தல் புகார விசாரிக்கற உள்ளகப் புகார் குழுல வெளி உறுப்பினராவும் இருக்கேன். இதுவரைக்கும் ஆள் ஆளா உக்காந்து பேசிதான் புரிய வச்சிகிட்டிருந்தேன், போன மாசம் வந்த கேஸுக்கு அப்புறம் எழுதியே வச்சிடலாம்னு தோணிச்சு.

கடலூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி, பேரு வேணாம். "மேடம், எங்க ட்ரெய்னி ஒருத்தன் வாயே திறக்க மாட்றான், ஒரு கம்யூனிகேஷன் ட்ரெய்னிங் போட்டு விடுங்க"ன்னு போன். போய் பாத்தா கதையே வேற. பையன் டிப்ளமோ முடிச்சிட்டு சேந்த புதுசுல நிறைய டவுட் கேட்டிருக்கான். இந்த வால்வ ஏன் சார் மொதல்ல மூடணும், பெர்மிட்ல இந்த கட்டம் எதுக்கு சார்னு. ஒரு நாள் காலைல மீட்டிங்ல ப்ரொடக்ஷன் மேனேஜர் "வந்துட்டாருய்யா விசாரணைக் கமிஷன்"னு சொல்லியிருக்காரு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நல்ல ஜோக்குதான், எனக்கே லேசா சிரிப்பு வந்துது. ஆனா அன்னிலேருந்து அவன் பேரே கமிஷன். கேன்டீன்ல கமிஷன், கம்பெனி பஸ்ல கமிஷன், கேட்ல செக்யூரிட்டி கூட "இன்னா கமிஷன், ஐடி கார்டு எங்க"ன்னு. கொஞ்ச நாள்ல கேள்வி நின்னு போச்சு. அப்புறம் ஒரு நைட் ஷிஃப்ட்ல பம்ப் சீல்ல லேசா ஒழுகுறத பாத்திருக்கான், பாத்துட்டு பேசாம போயிட்டான். விடியக்காலைல அது பெருசாயிடுச்சு, நல்லவேளை ஆளுக்கு ஒண்ணும் ஆகல, ஒரு பேட்ச் மட்டும் வீணா போச்சு. ஏன்டா சொல்லலன்னு ஆப்பரேட்டர் கேட்டதுக்கு "சொன்னா கமிஷன் ஆரம்பிச்சிட்டான்னு சொல்லுவாங்கண்ணே"ன்னானாம்.

இப்ப சொல்லுங்க, ட்ரெய்னிங் யாருக்கு வேணும்?

அந்த மேனேஜர் கெட்டவரு இல்ல, அதையும் சொல்லிடறேன். அதே பையனோட தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு அட்வான்ஸ் வாங்கி குடுத்தவரே அவருதான். அவருகிட்ட நான் பேசறப்பதான் "எல்லாருந்தான் மேடம் சிரிச்சாங்க, அவனும்தான் சிரிச்சான்"னு வந்துது.

சிரிச்சாங்க சார். சிரிக்காம என்ன பண்ணுவாங்க? லீவு சாங்ஷன் உங்க கைல, ஓ.டி உங்க கைல, ஷிஃப்ட் மாத்தறது, அப்ரைசல், காண்ட்ராக்ட் ஆளுங்கள அடுத்த மாசம் வச்சிக்கறதா வேணாமாங்கறது எல்லாமே உங்க கைல. இவ்ளோத்தையும் கைல வச்சிகிட்டு ஒருத்தர் ஜோக் அடிச்சா எதிர்ல இருக்கறவங்களுக்கு சிரிப்பும் வேலையில ஒரு பகுதி ஆயிடுது. நம்பிக்கை இல்லன்னா ஒரு சின்ன சோதனை, நீங்க அடிச்ச அதே ஜோக்க ஹெல்பர் ஒருத்தர் அடிச்சிருந்தா எத்தன பேரு சிரிச்சிருப்பாங்க? "போயி வேலைய பார்றா"ன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க. அப்போ சிரிப்பு பாதி ஜோக்குக்கு வந்துது, மீதி உங்க நாற்காலிக்கு வந்துது. எது எவ்ளோன்னு உங்களால பிரிச்சு பாக்கவே முடியாது, அந்த நாற்காலியில உக்காந்துகிட்டு இருக்கற வரைக்கும் முடியாது, அதனால சிரிப்ப சாட்சியா கொண்டு வராதீங்க. கலாய்க்கப்பட்டவனே சிரிச்சான்னு சொல்றது இன்னும் மோசமான சாட்சி. கூட்டத்துல அவனுக்கு இருக்கறது ரெண்டே வழி. சேந்து சிரிக்கணும், இல்லன்னா மூஞ்ச தூக்கி வச்சிக்கணும். மூஞ்ச தூக்குனா "ஒரு ஜோக்கு கூட தாங்க மாட்றான், தொட்டாசிணுங்கி"ன்னு அடுத்த பட்டம் ரெடி. அதனால மத்தவங்கள விட கொஞ்சம் சத்தமாவே சிரிப்பான். நான் விசாரணைல உக்காந்த கேஸுங்கள்ல அழுதவங்க நிறைய பேரு அந்த மீட்டிங்ல சிரிச்சவங்கதான்.

தொழில் ரகசியம் ஒண்ணு. மீட்டிங்ல நான் வாய பாக்க மாட்டேன், கண்ண பாப்பேன். நெஜமா சிரிக்கறப்ப கண்ண சுத்தி இருக்கற தசையும் சேந்து சுருங்கும்னு டுஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 19ம் நூற்றாண்டுலயே எழுதி வச்சாரு. ஆனா நாளைக்கே எல்லாரு கண்ணையும் உத்து பாத்துகிட்டு நிக்காதீங்க, நல்லா நடிக்கறவங்க கண்ணையும் சுருக்குவாங்க. நான் கவனிக்கறது சிரிப்பு எப்ப நிக்குதுங்கறத. பாஸ் தலைய திருப்புன அடுத்த நொடி சட்டுனு அணைஞ்சா அது ட்யூட்டி சிரிப்பு. பாஸ் எவ்ளோ அதிகமா ஜோக் அடிக்கறாரோ அவ்ளோ அதிகமா கீழ இருக்கறவங்க பொய் சிரிப்பு சிரிக்கறாங்க, அதுலயே களைச்சும் போறாங்கன்னு மேலாண்மை ஆராய்ச்சியிலயே வந்திருக்கு. ரிசப்ஷன்ல நாள் பூரா சிரிச்சிகிட்டு நிக்கற பொண்ணுக்கு சாயங்காலம் வர்ற அசதி இருக்கே, அதேதான்.

இன்னொண்ணு, செக்யூரிட்டி வரைக்கும் அந்த பேரு ஏன் போச்சு? மேல இருக்கறவரு சொன்னதால. 2018ல காய் சி யாம்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் வெளியிட்ட ஆய்வு இததான் சொல்லுது, தலைவரோட நகைச்சுவை உறவ நல்லா வளர்க்கவும் செய்யும், அதே சமயம் இங்க விதிய மீறலாம் போலன்னு ஒரு சிக்னலும் குடுக்கும், அதுவும் குத்தலான ஜோக்குன்னா அந்த சிக்னல் இன்னும் பலமா போகும். நீங்க ஒரு தடவ சொல்லிட்டு மறந்துடுவீங்க. கீழ அத நூறு பேரு சொல்லுவாங்க.

இத சொன்னா உடனே அடுத்த கேள்வி, "அப்போ ஆபிஸ்ல சிரிக்கவே கூடாதா மேடம்?" ஐயோ, நான் அப்படி எங்க சொன்னேன். இறுக்கமான மூஞ்சியோட இருக்கற மேனேஜர்கிட்டயும்தான் எவனும் ஒழுகுற பம்பப் பத்தி சொல்ல மாட்டான். 2003ல ராட் மார்ட்டின்னு ஒரு கனடா உளவியலாளர் குழு நகைச்சுவைய நாலு விதமா பிரிச்சாங்க. எல்லாரையும் ஒண்ணா சேக்கறது, கஷ்டத்துல தன்னையே தேத்திக்கறது, அடுத்தவன குத்தறது, தன்னையே அளவுக்கு மீறி மட்டம் தட்டிக்கறது. மொத ரெண்டும் நல்லது, பின்னாடி ரெண்டுலதான் வம்பு.

நல்லதுக்கு உதாரணம் எங்க ஊர்லயே இருக்கு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரைய கடந்துது, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. கரண்ட் இல்ல, பாதி பேரு வீட்டுக்குள்ள தண்ணி. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு யூனிட்ல ப்ளான்ட் ஹெட் கார் ஸ்டார்ட் ஆகாம முட்டி அளவு தண்ணில நடந்து, கைலிய மடிச்சு கட்டிகிட்டு கேட்டுக்குள்ள வந்திருக்காரு. வழக்கமா ஷூ லேஸ் அவுந்திருந்தா கூட திட்டற மனுஷன். வந்தவரு நேரா செக்யூரிட்டிகிட்ட போயி "டிரெஸ் கோட் மீறல்னு என் பேர எழுதிக்கப்பா, மெமோவ நானே வாங்கிக்கறேன்"னாராம். அப்புறம் சிரிச்சிகிட்டே ஒவ்வொருத்தரா கூப்ட்டு "உங்க வீட்ல தண்ணி எவ்ளோ, யாருக்கு அட்வான்ஸ் வேணும்"னு கேட்டிருக்காரு. அந்த யூனிட் ஆளுங்க இன்னிக்கும் அத சொல்லி சொல்லி சிரிக்கறாங்க. அந்த ஜோக்குல அடி வாங்குனது அவரு ஒருத்தருதான், பக்கத்துலயே உதவியும் வந்துது, அவ்ளோதான் விஷயம்.

ஆனா தன்னையே கலாய்க்கறதுலயும் அளவு இருக்கு. "எனக்கு இந்த கெமிஸ்ட்ரி கண்றாவி எல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு ரியாக்டர் பக்கத்துல நின்னு சேஃப்டி ஹெட் ஜோக் அடிச்சா கேக்கறவனுக்கு வயித்த கலக்கும். கைலிய கலாய்ச்சிக்குங்க, தொப்பைய கலாய்ச்சிக்குங்க, வேலைத் திறமைய வேணாம்.

காசு விஷயத்துல ஜோக்கே வேணாம். தீபாவளிக்கு முன்னாடி "இந்த வருஷம் போனஸ் இல்ல, ஸ்வீட் பாக்ஸ் மட்டும்தான்"னு சொல்லிட்டு கண்ணடிக்கற முதலாளிங்க இருக்காங்க. போனஸ் சட்டத்துக்குள்ள வர்றவங்களுக்கு சம்பளத்துல 8.33 சதவீதம் சட்டம் சொல்ற குறைஞ்சபட்சம், நீங்க பெரிய மனசு பண்ணி குடுக்கறது இல்ல. அந்த காச நம்பி சீட்டு கட்டி வச்சிருக்கற அம்மாவுக்கு நீங்க கண்ணடிக்கறது தெரியாது. ஆள்குறைப்பு, டிரான்ஸ்ஃபர், அப்ரைசல், இதெல்லாம் இதே கணக்குதான்.

அப்புறம் அந்த "வீட்டுப் பொண்ணு மாதிரி" வசனம். நேரு வீதி பக்கம் ஒரு கடைல சூப்பர்வைசர் அம்மா சேல்ஸ் பொண்ணுங்கள நிறத்த வச்சி, உடம்ப வச்சி கிண்டல் பண்ணிகிட்டே இருப்பாங்க. கேட்டா "என் வீட்டுப் பொண்ணா நெனச்சிதான் சொல்றேன்"னாங்க. வீட்டுப் பொண்ணு "சும்மா இரும்மா"ன்னு திருப்பி கத்தும், சோறு நிக்காது. இந்தப் பொண்ணு கத்துனா சம்பளம் நிக்கும். வித்தியாசம் அவங்களுக்கு நெஜமாவே புரியல, அதான் எனக்கு ஆத்திரமா வருது.

டபுள் மீனிங் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. வேலை இடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் துன்புறுத்தல தடுக்கற 2013 சட்டத்துல பாலியல் சாயம் உள்ள பேச்சும் துன்புறுத்தல்னுதான் இருக்கு, எதிர்ல இருக்கற பொண்ணு அத விரும்பலங்கறதுதான் அங்க கேள்வி. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல", "குரூப்ல ஃபார்வர்ட்தான் பண்ணேன், பத்து பேரு சிரிக்கற எமோஜி போட்டாங்க"ன்னு எங்க குழு முன்னாடி வந்து உக்காராதீங்க, எமோஜியும் ட்யூட்டி சிரிப்புதான். ஒருத்தரு நொண்டறத, திக்கறத கூட்டத்துல நடிச்சு காட்டறவங்க 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்த ஒரு தடவ படிங்க, வேணும்னே நாலு பேரு பாக்கற இடத்துல அவமானப்படுத்துனா ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். சாதிய வச்சி கிண்டல்னா நான் விளக்கவே போறதில்ல, அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, நாளைக்கி காலைல மீட்டிங்ல என்ன பண்ணலாம்? மொதல்ல பட்டப்பேரு ஏதாவது ஓடுதான்னு பாருங்க, ஓடுச்சுன்னா நீங்க சொந்த பேர சொல்லி கூப்புட ஆரம்பிங்க, லெக்சர் எல்லாம் வேணாம், ஒரு வாரத்துல மத்தவங்களும் மாறிடுவாங்க. ரெண்டாவது, உங்கள யாராவது திருப்பி கலாய்க்கறாங்களான்னு யோசிங்க. கலாய்க்கறாங்கன்னா உங்க ஜோக்கு பரவால்ல. யாருமே கலாய்க்கலன்னா அங்க ஒரு வழிப்பாதைதான் ஓடுது, உடனே "என்னையும் கலாய்ங்கப்பா"ன்னு உத்தரவு போடாதீங்க, அது அதவிட கொடுமை, நீங்க கொஞ்ச நாளைக்கி குறைச்சிக்குங்க. டவுட் கேக்கறவன, தப்ப சொல்றவன, லீவு கேக்கறவன வச்சி மட்டும் ஜோக்கே அடிக்காதீங்க, இது ஒண்ண மட்டுமாவது கேளுங்க, கெஞ்சி கேக்கறேன். நீங்க பேசணும்னு கூப்புட்ட வாய நீங்களே அடைக்கறீங்க.

ஏற்கனவே சொல்லி காயப்படுத்தியாச்சுன்னா தனியா கூப்ட்டு "நான் சொன்னது தப்பு, எல்லாரு முன்னாடியும் சொல்லட்டுமா வேணாமா"ன்னு அவங்கள கேளுங்க. சொல்லுங்கன்னா அதே மீட்டிங்ல ஒரே வரில சொல்லிட்டு அடுத்த வேலைய பாருங்க. வேணாம்னா விடுங்க, சில பேருக்கு அத திரும்ப கிளறறதே ரெண்டாவது அவமானம். "சும்மா ஜோக்குக்குதாம்மா"ன்னு மட்டும் சேக்காதீங்க, மன்னிப்பு அங்கயே செத்துடும்.

கடைசியா, சிரிச்சிட்டு வீட்டுக்கு போயி அழறவங்களுக்கு. அன்னிக்கி சிரிச்சிட்டீங்கன்னு உங்க புகார் செல்லாம போகாது, அப்படி எந்த சட்டத்துலயும் இல்ல. தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட யாரு இருந்தாங்க, இத அன்னிக்கே ஒரு நோட்டுல எழுதுங்க, குரூப் மெசேஜ்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பாலியல் பேச்சுன்னா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல உள்ளகப் புகார் குழு இருந்தே ஆகணும், அங்க எழுத்துல குடுங்க. அதுக்கும் கம்மி பேரு இருக்கற கடைன்னாலோ, பேசுனவரே முதலாளின்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழு இருக்கு, கலெக்டர் ஆபிஸ்ல விசாரிங்க. நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், நியாயமான காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம், ஆனா அத நம்பி தள்ளிப் போடாதீங்க.