மீத்தரவு: ‘மெட்டாடேட்டா’ என்ற சொல்லும் அது ஏறாமல் நிற்கும் பிழையும்

.நெட் நிரல்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் எண்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் எழுதிய பயன்பாட்டை ஓடவிட்டதும் ‘அனேபிள் டு லோட் த ஸ்பெசிஃபைட் மெட்டாடேட்டா ரிசோர்ஸ்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். உடனே பலரும் எஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறதா, கடவுச்சொல் சரியா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று தேடப் போகிறார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும். உண்மையில் இந்தப் பிழை வரும் நேரத்தில் நிரல் தரவுத்தளத்தின் வாசலைக்கூட மிதித்திருக்காது. ‘மெட்டாடேட்டா’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘டேட்டா’ லத்தீன் சொல். ‘கொடு’ என்று பொருள்படும் ‘தாரே’ என்ற வினையிலிருந்து வந்த ‘டேட்டம்’ என்பதன் பன்மை. ‘கொடுக்கப்பட்டவை’ என்பது நேர்ப்பொருள். தமிழில் நாம் வழங்கும் ‘தரவு’ம் ‘தா, தரு’ என்ற வினையடியில் பிறந்ததுதான். இரண்டு மொழியிலும் கொடுத்தல் என்ற ஒரே கருத்தே வேராக இருப்பதால், கலைச்சொற்களில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியவை குறைவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் ‘தரவு’ என்று பெயர் இருப்பதை யாப்பு படித்தவர்கள் அறிவார்கள். சொல் பழையது, கணினிக்காகப் புதிதாக உண்டாக்கியது அல்ல.

‘மெட்டா’ கிரேக்கம். அங்கே அதற்கு ‘பின்’, ‘உடன்’, ‘அப்பால்’ என்று பல பொருள். அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூல்களுக்கு அடுத்து வைக்கப்பட்ட நூல்களுக்குப் பின்வந்த தொகுப்பாளர்கள் ‘இயற்பியலுக்குப் பின்னவை’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். அதுவே ‘மெட்டாஃபிசிக்ஸ்’ ஆயிற்று. அடுக்கில் வரிசை குறித்த முன்னொட்டு, நாளடைவில் ‘அதற்கும் மேலே நின்று அதை ஆராய்வது’ என்ற பொருளைப் பெற்றது. 1920-களில் ஜெர்மன் கணிதவியலர் ஹில்பர்ட் கணிதத்தையே ஆய்வுப்பொருளாகக் கொண்ட துறைக்கு ‘மெட்டாமேத்தமேட்டிக்ஸ்’ என்ற பெயரை வழங்கியபோது, ‘தன்னைப் பற்றியே பேசுவது’ என்ற இன்றைய பொருள் உறுதிப்பட்டுவிட்டது. 1968-இல் பிலிப் பேக்லி நிரல்மொழிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் ‘மெட்டாடேட்டா’ இந்தப் பொருளில்தான் வருகிறது: தரவைப் பற்றிய தரவு.

இந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவை என்று நன்னூல் எட்டைக் கணக்கிடுகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நூலின் உள்ளடக்கம் இதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாமே நூலைப் பற்றியவை. இன்று நூலகத்தில் ஒரு நூலுக்கு நிரப்பும் பட்டியல் படிவத்தை இதனோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

தமிழில் இதற்கு இப்போது மூன்று நான்கு சொற்கள் உலவுகின்றன. ‘மேனிலைத் தரவு’ என்பது மேல்நிலைப் பள்ளியைப்போல ஏதோ உயர்ந்த வகுப்புத் தரவு என்று நினைக்க வைக்கிறது. ‘தரவுத்தரவு’ பொருளில் சரி, காதில் அடுக்குத்தொடராக விழுகிறது. ‘மீதரவு’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் ‘மேல்’ என்று பொருள்படும் ‘மீ’யின் பின் வல்லினம் மிகும் என்பதை நம் பள்ளிக் கணக்கே காட்டுகிறது: மீப்பெரு, மீச்சிறு. குறளில் ‘மீக்கூறும்’. ஆகவே ‘மீத்தரவு’ என்பதே செப்பமான வடிவம். ‘மீ’ ஏற்கெனவே மீயுரை, மீக்கணினி என்று ‘ஹைப்பர்’, ‘சூப்பர்’ ஆகிய வேறு முன்னொட்டுகளுக்கும் ஈடாக நிற்கிறதே என்ற தயக்கம் நியாயமானது. ‘மெட்டா’வும் கிரேக்கத்தில் மூன்று நான்கு வேலை பார்த்த சொல்தான். எது எங்கே என்பதைச் சேர்ந்து வரும் சொல் காட்டிவிடும். ‘மீத்தரவு’ என்றால் குழப்பம் வர இடமில்லை.

இனி ஓஆர்எம்-க்கு, அதாவது நிரலையும் தரவுத்தளத்தையும் கோக்கும் எண்டிட்டி ஃபிரேம்வொர்க் போன்ற கருவிகளுக்கு, வருவோம். ஒரு பக்கம் நிரலில் கிளாஸ்கள். மறுபக்கம் தரவுத்தளத்தில் அட்டவணைகள். எந்தக் கிளாஸ் எந்த அட்டவணைக்கு, எந்தப் பண்பு எந்தப் பத்திக்கு என்ற பொருத்தக் குறிப்பே இங்கே மீத்தரவு. 2008-இல் .நெட் ஃபிரேம்வொர்க் 3.5-இன் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்த எண்டிட்டி ஃபிரேம்வொர்க், இந்தக் குறிப்பை இடிஎம்எக்ஸ் என்ற ஒரே கோப்பில் வைத்தது. பில்ட் செய்யும்போது, அதாவது நிரலை ஓடும் வடிவுக்குத் தொகுக்கும்போது, அது மூன்றாகப் பிரியும். சிஎஸ்டிஎல் கிளாஸ் பக்கத்து வரைவு. எஸ்எஸ்டிஎல் தரவுத்தளப் பக்கத்து வரைவு. எம்எஸ்எல் இரண்டையும் கோக்கும் பொருத்தம். இயல்பாக இம்மூன்றும், தொகுத்த நிரல் கோப்பான டிஎல்எல்-இன் (அசெம்பிளி என்பதும் இதையே) உள்ளேயே பதிக்கப்படுகின்றன. பிழைச் செய்தியில் ‘ரிசோர்ஸ்’ என்பது இப்படிப் பதிந்த கோப்பைத்தான் சொல்கிறது, சர்வர் வளத்தை அல்ல. ‘லோட்’ என்பது அதை நினைவகத்துக்கு ஏற்றுவது. ஆக அந்த வரியின் பொருள் இதுதான்: நீ சொன்ன பெயரில் ஒரு பொருத்தக் குறிப்பை எந்த டிஎல்எல்-லிலும் காணோம்.

‘நீ சொன்ன பெயர்’ இருப்பது, தரவுத்தளத்தை அடையும் விவரங்களைக் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கும் சரமான கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில். அதன் தொடக்கத்தில் ‘மெட்டாடேட்டா’ என்ற சாவிச்சொல்லுக்கு நேரே மூன்று பாதைகள், நடுவில் செங்குத்துக் கோடுகளோடு இருக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் முதல் பாதை இப்படி வரும்: ரெஸ்://*/ஷாப்.சிஎஸ்டிஎல். ‘ரெஸ்’ என்றால் பதிந்த கோப்பில் தேடு. நட்சத்திரம் என்றால் எந்த டிஎல்எல் என்று நான் சொல்லவில்லை, நீயே தேடிக்கொள். கடைசிப் பகுதி கோப்பின் பெயர்.

முதலில் செய்ய வேண்டியது, டிஎல்எல்-லுக்குள் உண்மையில் என்ன பெயர் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. டிஎல்எல்-லின் உள்ளே இருப்பதைக் காட்டும் கருவியான ஐஎல்ஸ்பையில் அதைத் திறந்து ‘ரிசோர்சஸ்’ கிளையை விரித்தால் மூன்று பெயர்களும் தெரியும். பிழைதிருத்தியான டீபகரில் நிற்கும்போதென்றால், அசெம்பிளியின் ‘கெட் மேனிஃபெஸ்ட் ரிசோர்ஸ் நேம்ஸ்’ மெத்தடை அழைத்தாலே போதும். இந்தப் பட்டியலையும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஊகிக்கவே கூடாது.

பெயர்கள் இருந்து, பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இடிஎம்எக்ஸ் கோப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள், கான்ஃபிக் கோப்பில் பழைய பெயரே இருக்கும். அல்லது கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருப்பார்கள். ஃபோல்டர் பெயர் கோப்புப் பெயருக்கு முன்னால் புள்ளியோடு சேரும். ‘மாடல்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஷாப்’ போனால், பதிந்த பெயர் ‘மாடல்ஸ்.ஷாப்.சிஎஸ்டிஎல்’. இங்கே சாய்கோடு போட்டால் கிடைக்காது. புராஜெக்டின் நேம்ஸ்பேஸை (பெயர்வெளியை) முன்னால் ஒட்டினாலும் கிடைக்காது. இந்த இரண்டாவது தவறு, சாதாரணப் பதிந்த கோப்புகளின் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிடுவது. மூன்று பாதைகளையும் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு அதே பிழையைப் பார்த்துத் திகைப்பது அடிக்கடி நடக்கிறது.

டிஎல்எல்-லில் பெயர்களே இல்லையென்றால் கோளாறு பில்டில். இடிஎம்எக்ஸ் கோப்பின் ‘பில்ட் ஆக்‌ஷன்’ என்பது ‘எண்டிட்டி டிப்ளாய்’ என்றிருக்க வேண்டும். பிறகு டிசைனரில் வெற்றிடத்தைச் சொடுக்கிப் பண்புகளில் ‘மெட்டாடேட்டா ஆர்ட்டிஃபாக்ட் புராசெசிங்’ என்ன என்று பாருங்கள். ‘எம்பெட் இன் அவுட்புட் அசெம்பிளி’ என்றால் உள்ளே பதியும். ‘காப்பி டு அவுட்புட் டைரக்டரி’ என்றால் மூன்று கோப்புகளும் டிஎல்எல்-லுக்குப் பக்கத்தில் தனியாக விழும். அப்போது ‘ரெஸ்’ பாதை செல்லாது, சாதாரணக் கோப்புப் பாதை கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு, பில்டின் விளைவு சேரும் ‘பின்’, ‘ஓபிஜே’ ஃபோல்டர்களை அழித்துவிட்டு முழுதாக மறுபில்ட் செய்யாவிட்டால், பழைய டிஎல்எல்-லோடு மல்லுக்கட்ட நேரும்.

பெயர் இருக்கிறது, பொருந்தவும் செய்கிறது, ஆனாலும் பிழை என்றால் நட்சத்திரத்தைச் சந்தேகியுங்கள். அது தேடும் இடங்கள் மூன்றே: அழைக்கும் அசெம்பிளி, அது குறிப்பிடும் அசெம்பிளிகள், பயன்பாட்டின் ‘பின்’ ஃபோல்டரில் உள்ளவை. பிளக்-இன் முறையில் வேறெங்கிருந்தோ ஏற்றப்படும் டிஎல்எல் இதில் அகப்படாமல் போகலாம். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அசெம்பிளியின் பெயரையே எழுதுங்கள். எல்லா டிஎல்எல்-லையும் துழாவும் வேலை மிச்சமாவதால் தொடக்க நேரமும் குறையும். பிழை இல்லாதபோதும் இப்படி எழுதுவதே நல்லது.

இன்னொன்று: மாடல் (இடிஎம்எக்ஸ் கோப்பு) ஒரு தனி கிளாஸ் லைப்ரரியில் இருக்கும், அதை உருவாக்கிய விசார்ட் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை அந்த லைப்ரரியின் ஆப் கான்ஃபிக்கில் எழுதியிருக்கும். ஓடும்போது படிக்கப்படுவதோ தொடங்கும் புராஜெக்டின் கான்ஃபிக். இங்கே திருத்தம் செய்துகொண்டே இருப்போம், அங்கே பழையது ஓடிக்கொண்டிருக்கும். யூனிட் டெஸ்ட் புராஜெக்டுக்கும் இதே கதி.

சுற்றுவட்டாரப் பிழைகளையும் பிரித்தறிய வேண்டும். ‘கீவேர்டு நாட் சப்போர்ட்டட்: மெட்டாடேட்டா’ என்று வந்தால், எண்டிட்டி ஃபிரேம்வொர்க்குக்கான நீண்ட சரத்தை நேராக எஸ்க்யூஎல் கனெக்‌ஷனிடம் கொடுத்திருக்கிறீர்கள். மறுதலையாக, மீத்தரவுப் பகுதி இல்லாத வெறும் சரத்தை இடிஎம்எக்ஸ் உருவாக்கிய கான்டெக்ஸ்டிடம் கொடுத்தால், ‘அன்இன்டென்ஷனல் கோட் ஃபர்ஸ்ட் எக்செப்‌ஷன்’ வரும். மேற்கோள் குறிகளுக்கான எக்ஸ்எம்எல் குறியீட்டை, கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுத்து எக்ஸ்எம்எல் அல்லாத இடத்தில் ஒட்டினாலும் சரம் உடையும். அங்கே ஒற்றை மேற்கோள் போட்டால் சரியாகிவிடும். ‘எண்டிட்டி கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் பில்டர்’ கிளாஸில் மெட்டாடேட்டா, புரொவைடர், புரொவைடர் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் மூன்றையும் தனித்தனியாக நிரப்பிச் சரத்தை உருவாக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

‘ஸ்கீமா ஸ்பெசிஃபைட் இஸ் நாட் வேலிட்’ என்பது முற்றிலும் வேறு. அங்கே மீத்தரவு கிடைத்துவிட்டது, படித்தும் ஆயிற்று; உள்ளடக்கம்தான் தவறு. செய்தியின் அடியில் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்றே இருக்கும். அதைப் பார்த்துத் திருத்தலாம்.

எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற புதிய வடிவில் இடிஎம்எக்ஸ் கிடையாது. கிளாஸ்களிலிருந்தும் ‘ஆன் மாடல் கிரியேட்டிங்’ மெத்தடிலிருந்தும் மீத்தரவு நினைவகத்திலேயே கட்டப்படுகிறது. தேடி ஏற்ற வேண்டிய கோப்பு இல்லாததால் இந்தப் பிழையும் அங்கே எழாது. பழைய புராஜெக்டை அங்கே கொண்டுபோகிறவர்கள் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கின் மீத்தரவுப் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, புரொவைடர் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்ற மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.